காவலுக்கு வந்த மாமி

'ஹேவ்' என்ற சொல் பர்சானாவின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"சமையலை இப்பந்தான் முடிச்சிருக்கீங்க, அப்ப ஹேவ் வரும். நேத்தே முடிச்சதுன்னா ஹேவ் கிடையாது. இப்ப சொல்லுங்க, எது?" என்றாள் ஜெயசித்ரா டீச்சர்.

தனியாக இருந்தால் கடகடவென்று சொல்லிவிடுவாள். இங்கே முடியவில்லை. வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் மாமியார் ஹைருன் பீவி.

மாமியிடம் தையல் கிளாஸ் என்று பொய் சொல்லித்தான் தென்காசியில் இந்த ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்ந்தாள் பர்சானா. மகள் படிக்கிற பள்ளிக்கூட ஆபீசில் ஒரு வேலை காலி. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. சவூதியில் இருக்கும் புருஷன் உவைஸிடம் கேட்டதற்கு, "நான் சம்பாதிக்கது பத்தலையாக்கும்? கிளாசும் வேண்டாம், வேலையும் வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டான்.

மூன்றாம் நாளே மாமி, நானும் வாரேன் என்று துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். குட்டு உடைந்தது. ஆனால் மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் வருவாள், உட்காருவாள், வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. எந்த நேரம் மகனிடம் போட்டுக்கொடுப்பாளோ என்று பர்சானாவின் கண் பாடத்தை விட்டு வாசலுக்கே போனது.

அன்றைக்கு அவள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து மாமியின் போன் அடித்தது. வீடியோ கால்.

"உவைசுதான்" என்றாள் மாமி, நேராக இவளைப் பார்த்து.

பர்சானா எழுந்துவிட்டாள். கிளாஸ் போச்சு, வேலையும் போச்சு.

மாமி உடனே எடுக்கவில்லை. அடிக்கிற போனோடு வராந்தா மூலையில் இருந்த குழாயடிக்கு விறுவிறுவென்று நடந்தாள். மனசு கேட்காமல் பர்சானாவும் பின்னால் ஓடினாள்.

மாமி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். காலி வாளியில் தண்ணீர் சோவென்று விழுந்தது. இரண்டு கை அள்ளி முகத்திலும் முக்காட்டிலும் ஊற்றிக்கொண்டாள். அப்புறம்தான் போனை எடுத்தாள்.

இடது கையால் பர்சானாவை உள்ளே போ என்று விரட்டியபடியே மகனிடம் சொன்னாள்:

"குத்தாலத்துல நிக்கோம்லே, அருவிச் சத்தம் கேக்குதா? பொம்பளைக குளிக்க எடம், போனத் திருப்பப்படாது. உம்பொண்டாட்டி இப்பந்தான் உள்ள போயிருக்கா. என் மூட்டுவலிக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் தெனமும் குளிக்கணுமாம், அவதான் தொணைக்கு வருதா."