இன்னொரு டெஸ்ட்

"செத்துச்சா இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல."

நவநீதன் ஆசை ஆசையாகக் கேட்டார். கம்பிக் கூண்டுக்குள் இருந்த எலி அவரைப் பார்த்து மீசையை ஆட்டிவிட்டு, தன் பாட்டுக்குத் தீனியைக் கொறித்தது.

"அது எதுக்கு சார் சாவுது? நல்லா ஓடுது பாருங்க" என்றாள் இரம். வேலூரில் இருக்கும் அந்தக் கல்லூரியின் மூலிகை ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு. "கால்ல ஊசி போட்டு வீங்க வெச்சோம். நொச்சி இலைச் சாறு குடுத்ததும் வீக்கம் பாதிக்கு மேல வத்திடுச்சு. வலி மாத்திரை குடுத்த எலிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல சார்."

நவநீதனுக்கு வயிறு எரிந்தது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை முதலாளி, கல்லூரி நிர்வாகக் குழுவில் பெரிய மனிதர். இருந்தும் என்ன? ஒரு எலி செத்தால் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கிற நிலைமையில் இருந்தார்.

எல்லாம் விஜயகுமாரியால் வந்தது. அவருடைய தொழிற்சாலை மதிலை ஒட்டி நிலம் வைத்திருப்பவள். தோல் கழிவு கசிந்து கிணறு கெட்டது, தென்னை பட்டுப்போனது, அந்தத் தண்ணீரைக் குடித்தே புருஷனும் போய்ச் சேர்ந்தான் என்று அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தவள்.

"தோல் பதனிடுற குரோமியம் ஒரு சொட்டுகூட என் மதிலைத் தாண்டிப் போனதில்லை" என்று நவநீதன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். மண்ணை அள்ளிக்கொண்டு போன அதிகாரிகளும் அதையே சொன்னார்கள். வழக்கு தள்ளுபடியானது. விஜயகுமாரி கோர்ட் வாசலில் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

ஜெயித்தும் அவருக்கு ஆறவில்லை. வழக்கைக் காரணம் காட்டி ஜெர்மனிக்காரன் ஆர்டரை நிறுத்தியதை மறக்க முடியுமா? தரிசாகக் கிடக்கும் அவள் நிலத்தில் நொச்சிப் புதர் மண்டி மதிலுக்கு மேல் தலை நீட்டுவதைக்கூட அவரால் சகிக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவள் இப்போது மகளிர் குழு சேர்த்து, ஜவ்வாது மலையிலிருந்து நொச்சி இலை வாங்கி, மூட்டு வலித் தைலம் காய்ச்சி விற்கிறாள். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் மொத்தமாக வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனி காத்திருக்கிறது. அவள் தலையெடுப்பதா? அதையும் இவர் பார்த்துக்கொண்டு இருப்பதா?

சோதனைக்கு இலை எடுக்கும் முன்பே அதற்கொரு வழி பண்ணியிருந்தார். "வீக்கம் வத்துனா மட்டும் போதுமா? ஜனங்க ஒடம்புல தேய்க்கிறது. உலோகம் கிலோகம் இருக்குதான்னு இன்னொரு டெஸ்டும் எடுங்க" என்று கல்லூரிக் கூட்டத்தில் ஒரு போடு போட்டார்.

அங்கே வந்திருந்த விஜயகுமாரி அதைக் கேட்டுப் பதறிய பதற்றம் அவருக்குத் தேனாக இனித்தது.

"அதெல்லாம் வேணாம் சார்! வலிக்கு மட்டும் பாருங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்!"

கிட்டத்தட்ட காலில் விழுந்துவிட்டாள். இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார். செலவைத் தானே ஏற்றுக்கொண்டு, பிடித்த பிடியில் நின்று, அந்த டெஸ்டையும் சேர்க்க வைத்தார்.

"சரி, எலி கெடக்கட்டும். அந்த இன்னொரு டெஸ்ட் இன்னா ஆச்சு?"

இரம் தயங்கினாள். "அதுல உலோகம் இருக்கு சார். அளவுக்கு மேல ரொம்ப ஜாஸ்தி. அது வந்து சார்..."

"போதும்! மிச்சத்த மேடையில சொல்லு." நவநீதன் துள்ளி எழுந்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "இது என் இலையே இல்ல, மாத்திட்டாங்கன்னு நாளைக்கு அவ பேஜார் பண்ணுவாளா?"

"சான்ஸே இல்ல சார். எங்க தாவரவியல் புரொபசரே நேர்ல போனாரு. அவங்க காட்டுன எடத்துல பறிச்சு, அங்கியே சீல் வெச்சு எடுத்தாந்தாரு."

"அப்படிப் போடு!"

சோதனை முடிவைக் கேட்கக் கீழே அரங்கு நிறைந்திருந்தது. மகளிர் குழுவினர், கம்பெனிக்காரர்கள், நவநீதன் தன் செலவில் கார் அனுப்பி வரவழைத்த பத்திரிகைக்காரர்கள். விஜயகுமாரி முன்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அவரே மைக்கைப் பிடித்தார்.

"இந்தம்மா குடுத்த இலையில விஷம் இருக்கு! நான் சொல்லல, லேப் சொல்லுது. வேணாம் வேணாம்னு இவங்க அழுதாங்க. நான்தான் விடாப்பிடியா இந்த டெஸ்ட வெக்கச் சொன்னேன். இதுல தப்பு வரவே வராது, அதுக்கு நான் கேரண்டி. நல்லா எழுதிக்குங்க! இரம், அது இன்னா விஷம்னு சொல்லும்மா."

இரம் அறிக்கையைப் பிரித்தாள்.

"குரோமியம் சார்."

பத்திரிகைக்காரர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

"குரோமியமா?" மைக் கையில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. "அந்த மலையில ஏது குரோமியம்?"

விஜயகுமாரி எழுந்து நின்றாள். முகத்தில் பழைய பதற்றம் மருந்துக்கும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"மலை இலை தைலத்துக்கு சார். டெஸ்டுக்குக் குடுத்தது, உங்க மதிலோரம் பறிச்சது."