பிரான்சுவாவின் பலகை

"கிளிஞ்சல்மேட்டு மீன்காரங்களே இன்னிக்குக் கடலுக்குப் போகல. இந்தக் காத்துல நீ போகணுமாம்மா?" என்றார் ஓகுஸ்தேன்.

"அண்ணன் இதைவிடப் பெரிய காத்துல போகும்பா" என்றபடி, பாய் கட்டிய பலகையைத் தண்ணீருக்குள் தள்ளினாள் மிரேய்.

எண்பத்து நாலில் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த பிரான்சுவா, காரைக்கால் வீட்டில் விட்டுப்போன, நின்றபடி காற்றில் ஓட்டும் அலைப்பலகை அது. இந்த ஐப்பசியில் தங்கை மட்டும்தான் வந்திருந்தாள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தாள்.

ஓகுஸ்தேன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தார். நின்று நின்று வீசிய காற்று பாயைப் பிடுங்கியது. மகள் விழுந்தாள், ஏறினாள், மறுபடியும் விழுந்தாள். ஒருமுறை பாய் எழும்பவே இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர், "மிரேய்!" என்று குழந்தைபோல அலறினார்.

வெகு நேரம் கழித்துப் பலகையைப் பிடித்தபடி நீந்தி வந்தவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"கடலுக்கு ஒரு புள்ளையக் கொடுத்தது போதும்மா."

மிரேய் விலகி அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"நீ வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே கான்சுலேட்டுலேர்ந்து கடுதாசி வந்துடுச்சு. அங்க சீசன் முடிஞ்சு எல்லாரும் கரையேறின பிறகு, பலகைய எடுத்துக்கிட்டுத் தனியாப் போனானாமே."

"உங்களால தாங்க முடியாதுன்னுதான் சொல்லலப்பா. கடைசியா அண்ணன் எப்படித் தவிச்சிருக்கும்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு" என்று விசும்பினாள்.

அவர் துண்டால் அவள் தலையைத் துவட்டிவிட்டார்.

"வாம்மா. இத்தனை நாளா எனக்குத் தனியா வாய் வரல. ஒங்கம்மாகிட்ட ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லிடுவோம்."