பின்னால் வந்த நாற்காலி

படுத்த படுக்கையாய் வந்தவர்களையெல்லாம் நடக்க வைத்து அனுப்பிய எலும்பு டாக்டர் நான். எனக்குப் போய் என் மகள் மங்கை விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்!

“யாரைக் கேட்டுச் சொன்னே? என் காலுக்கு என்ன கேடு?” வாசலிலேயே கத்தினேன்.

“கால் நல்லாத்தான்பா இருக்கு,” என்றாள் மெதுவாக. “போன தடவ வேற கேட்ல போய் உக்காந்து ஃப்ளைட்ட விட்டுட்டீங்க. ஞாபகம் இருக்கா?”

“பொய்! நான் எங்க விட்டேன்?”

பையைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத் திரும்பியும் பாராமல் உள்ளே விறுவிறுவென்று நடந்தேன். நாற்காலி தள்ளும் பெண் அதைக் காலியாகவே உருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

“எம் பின்னால வராதே!” என்று அதட்டினேன்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், என் கேட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். சக்கரச் சத்தமும் நின்றது.