மூன்றாவது மனு

மூன்றாவது மனுவையும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிதான் கொடுத்திருப்பாள் என்பதில் ஜெகதீசனுக்கு எள்ளளவும் ஐயமில்லை.

"கலெக்டர் ஆபீஸ்ல குடுத்திருக்காங்க. விழுப்புரத்திலேருந்து எங்களுக்கு வந்திருக்கு," என்றார் தீயணைப்பு அலுவலர் தென்னரசு.

"யாரு சார் குடுத்தது?"

"பேரைச் சொல்லக் கூடாது."

"நீங்க சொல்ல வாணாம் சார். எனக்கே தெரியும்."

மதிலுக்கு அப்பால் கேட்க வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னான். அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாஞ்சாலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் பதினெட்டு ஆண்டுகள் லாரி மெக்கானிக்காக இருந்தவன் ஜெகதீசன். கைபேசியில் வீடியோக்களைப் பார்த்து, லாரியின் பழைய காற்றுத் தொட்டியை அறுத்து, அதற்குள் நெருப்புத் தாங்கும் வெள்ளைப் பஞ்சைப் பொருத்தி, கொல்லைக் கொட்டகையில் கேஸ் உலை ஒன்றைத் தன் கையாலேயே கட்டியிருந்தான். லாரியின் ஸ்பிரிங் பட்டையை அதில் பழுக்கக் காய்ச்சி அடித்தால் கரும்பு வெட்டும் கத்தி. கத்தி நன்றாகவே வந்தது. கூடவே மனுவும் வந்தது.

சமையல் சிலிண்டரை உலைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார் என்பது முதல் மனு. தென்னரசு வந்து கண்டித்துவிட்டுப் போனார். ஜெகதீசன் கடைகளுக்குத் தரும் சிலிண்டரை வாங்கி, சுவருக்கு வெளியே நிறுத்தி, புதுக் குழாய் போட்டான். அந்த மாதம் நடந்த மகள் கலைப்பிரியாவின் காதுகுத்துக்குத் தெரு முழுவதையும் அழைத்தான். பாஞ்சாலியை மட்டும் அழைக்கவில்லை.

உலைக்குள் இருக்கும் பஞ்சு துகள்துகளாகப் பறந்து மூச்சில் ஏறுகிறது என்பது இரண்டாவது மனு. பஞ்சின்மேல் சூடு தாங்கும் களிமண்ணைக் கனமாகப் பூசினான். பூசிய பிறகு சூடு உள்ளேயே தங்கியது. பட்டை பாதி நேரத்தில் சிவந்தது. அது தன் சொந்த யோசனை என்று கத்தி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டான்.

இப்போது மூன்றாவது. கொட்டகையில் காற்றுப் போக வழியே இல்லை, மணமில்லாத நச்சுக் காற்று உள்ளே தேங்கும் என்று எழுதியிருந்தது.

"ஒரு வாரம் டைம் தர்றேன். சுவத்தை உடைச்சு சன்னல் வைங்க. இந்த மனு முடியற வரைக்கும் உலையைப் பத்த வைக்காதீங்க," என்றார் தென்னரசு. "இந்த வாட்டியும் இழுத்தடிச்சா கொட்டகைக்குப் பூட்டுதான்."

கரும்பு வெட்டு தொடங்க இருபது நாள்தான் இருந்தது. வெட்டாட்களைக் கூட்டிவரும் வல்லத்து மேஸ்திரி அறுபது கத்திக்குச் சொல்லியிருந்தார். அது கைவிட்டுப் போனால், ஜெகதீசன் மறுபடியும் அடுத்தவன் பட்டறையில் லாரிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

"அந்தம்மாவுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன், சொல்லு," என்றான் மனைவி அருணாவிடம். "பேஜாரு புடிச்ச பொம்பள."

"சன்னல் இல்லாதது நெசந்தானேங்க. நானே அன்னிக்கு..."

"நீ சும்மா இரு. உலையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அருணா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவன் மதிலருகே போனான். "இன்னாக்கா, மூணு ஆச்சு. நாலாவது எப்போ?"

"ஏன், நாலாவதுக்கும் எதுனா பாக்கி வச்சிருக்கியா?" என்றாள் பாஞ்சாலி, புடவைக்குக் கிளிப் மாட்டியபடியே.

"வயசுக்கு மரியாத குடுத்துப் பேசிக்கினு இருக்கேன்."

"குடு, குடு. அதையும் இந்தக் கொடியிலயே காயப் போடறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்கள். அவள் வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பில், சன்னல் வேலையை நான்கே நாளில் சுத்தமாக முடித்தான்.

அடுத்த வாரம் தென்னரசு வந்து சன்னலைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். அருணா கொடுத்த மோரைக் குடித்தார்.

"சரியா இருக்கு. மனுவை முடிச்சிடலாம். மனு குடுத்தவங்க, திருப்தின்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும். இன்னிக்கே நீங்க உலையைப் பத்த வைக்கலாம்."

ஜெகதீசனுக்கு உச்சி குளிர்ந்தது. மதிலருகே போய்க் குரல் கொடுத்தான்.

"யக்கா, சார் கூப்பிடறாரு. ஜல்தியா வந்து கையெழுத்துப் போடு."

தென்னரசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மோரில் மிச்சமிருந்த கறிவேப்பிலையைப் பார்க்கத் தொடங்கினார்.

பாஞ்சாலி ஈரக் கையோடு வந்தாள். தாளைப் பார்த்தாள். ஜெகதீசனைப் பார்த்தாள். அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"போதும்டி அருணா. ஆறு மாசமா உனக்காக நான் திட்டு வாங்கிக்கினு கெடக்கேன். நீயே வந்து போடு."

ஜெகதீசன் தென்னரசைப் பார்த்தான். தென்னரசு தம் காலணியைப் பார்த்தார்.

அருணா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவன் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கினாள். தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். கொட்டகைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, பேனாவைத் தென்னரசிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எதிரெதிரா ரெண்டு சன்னல் இருந்தாத்தான் காத்து ஓடும் சார். இவரு ஒண்ணுதான் வச்சிருக்காரு. இன்னொண்ணையும் வைக்கச் சொல்லுங்க, அப்புறம் போடறேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."