கேள்வியெல்லாம் கொழுந்தனிடம்

வந்து இறங்கியதும் மெக்கானிக் முதல் கேள்வியை என் கொழுந்தனிடம்தான் கேட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

போன் செய்து வரச் சொன்னவள் நான். டிராக்டர் சில சால் உழுது, இருமி, நடுவயலில் நின்றபோது இருக்கையில் இருந்தவள் நான். முழங்கைவரை டீசலோடு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பவளும் நான்தான். கொழுந்தன் வரப்பின் மேல், கால்சட்டைப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றிருந்தான்.

"எனக்கு என்ன சார் தெரியும். இதுல டீசல் எங்க ஊத்தறதுன்னுகூடத் தெரியாது. அண்ணன் கைக்கு அடங்குச்சு, அண்ணிகிட்ட முரண்டு பிடிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நான் பதில் சொன்னேன். டேங்கில் டீசல் இருக்கிறது. டீசல் பில்டர் புதிது. காற்று வடிகட்டியில் தூசி இல்லை. பேட்டரியில் குறை இல்லை, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சினுக்கு டீசல்தான் போகவில்லை. லைனில் காற்று புகுந்திருக்கும் என்று பில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

மெக்கானிக் தலையாட்டிக்கொண்டார். பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, ஓரிடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மறுபடியும் கொழுந்தனிடம் திரும்பினார்.

வண்டி ராத்திரியில் எங்கே நிற்கும் என்று அவனிடம் கேட்டார். ஷெட்டில் என்று நான் சொன்னேன். ஷெட் எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டார்.

"எங்க கேட்டுக்குப் பக்கத்துலதான்," என்றான் அவன்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. பில்டர் வாங்கப் போனால், வீட்டில் ஆம்பளைங்க யாரும் வரலையா என்று கேட்பார் கடைக்காரர். எந்த எண்ணெய், எந்த அளவு என்று நான் சொல்லி முடித்த பிறகும், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார். கேட்பது என் வாய், பதில் போய்ச் சேர்வது வேறு யாருக்கோ. வாயைத் திறந்தால் வாயாடி, திறக்காவிட்டால் ஒன்றும் தெரியாதவள்.

ஆனால் இன்று வாங்கிக்கட்டிக்கொண்டு போக முடியாது.

என் கணவர் இறந்த பிறகு இதுதான் முதல் விதைப்பு. நான் முடித்துக் காட்டினால் நிலம் என்னிடமே இருக்கும், இல்லையென்றால் சின்னவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாமனார் சொல்லியிருந்தார். மழை பெய்த ஈரம் வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் நான் வண்டியை எடுத்தபோது கொழுந்தன் தன் புதுக் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். வண்டி நின்றதும் பிரஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். உதவிக்கு என்று நினைத்தேன். வந்தவன் முதலில் செய்த வேலை, அப்பாவுக்குப் போன் போட்டதுதான்.

மெக்கானிக் விடவில்லை. இந்த வண்டியில் சார் எப்போதாவது கை வைத்தது உண்டா என்றார். இல்லவே இல்லை என்றான். இன்று காலையில்? நான் எதற்கு வைக்கப்போகிறேன் என்றான், கொஞ்சம் குரலை உயர்த்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் பானெட்டின் மேல் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன், சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஓட்டுறவ நான். எது கேக்கறதா இருந்தாலும் என்கிட்டக் கேளுங்க."

மெக்கானிக் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். அவர் கைகள் சுத்தமாக இருந்தன. வந்ததிலிருந்து பானெட்டைத் தவிர அவர் எதையும் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கேக்கறேன்க்கா. டேங்குக்கு அடியில இருக்கற டேப்ப கடைசியா எப்ப மூடுனீங்க?"

மூடியதே இல்லை. டேங்கிலிருந்து டீசல் இறங்குவதை நிறுத்தும் குழாய் அது, டேங்கைக் கழற்றினால்தான் அதற்கு வேலை. என் கணவர் இருந்த காலத்திலும் அது திறந்தேதான் கிடந்தது. எப்போதும் திறந்தே கிடப்பதைத் திறந்திருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? மூடிவிட்டால் லைனில் மிச்சமிருக்கும் டீசலுக்கு வண்டி கொஞ்ச தூரம் ஓடும். சில சால் உழும். பிறகு நிற்கும்.

"நீங்களே திறங்க. நான் இன்னும் தொடல," என்றார்.

கையை உள்ளே விட்டுத் துழாவினேன். டேப்பின் பிடி குறுக்காகக் கிடந்தது. பிசுபிசுத்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துத் திருப்பினேன். கைப்பம்பை அடித்தேன். திருகின் ஓரத்தில் குமிழிகள் கிளம்பி, நுரைத்து, பிறகு டீசல் தெளிவாக வழிந்தது. திருகை இறுக்கினேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

வண்டி பிடித்துக்கொண்டது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது.

மெக்கானிக் அப்போதும் என் கொழுந்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"தம்பி, பைக்குள்ளேருந்து கைய வெளிய எடுங்க," என்றேன்.

அவன் எடுக்கவில்லை.