மூணு குடம்

“மெம்பரண்ணே, இதப் பாத்துட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க!”

பொன்மணி செல்போனை நீட்டினாள். தண்ணீர் லாரியைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

படத்தில் மாடத்தி. அவள் வீட்டுக்கும் பொன்மணி வீட்டுக்கும் நடுவில் இருக்கிற முடுக்கில் நின்று, குடத்திலிருந்த தண்ணீரை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“குடிக்கிற தண்ணிண்ணே. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. தெனம் சாயங்காலம் அரைக் குடம்.”

ஊர் போர் வற்றி இரண்டு மாதம் ஆகிறது. சாத்தூரிலிருந்து நாலு நாளைக்கு ஒரு தடவை லாரி வரும். வீட்டுக்கு ஆறு குடம். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான்.

வார்டு மெம்பர் காசிராஜன் திரும்பினார். “ஏத்தா மாடத்தி, மெய்தானா?”

மாடத்தி தலை குனிந்துகொண்டாள். “வாசத் தெளிச்சேன்.”

“முடுக்குல எவ வாசத் தெளிப்பா? அதுவும் பொழுதடையற நேரத்துல?” முத்துமாரி சிரித்தாள். “கோலம் வேற போடுவீகளோ மதினி?”

“வீட்டுக்காரரு சங்கிலிமுத்தண்ணன் பட்டாசுக் கம்பெனியில வெடிச்சுச் செத்ததுலருந்தே மதினிக்குப் புத்தி இப்படித்தான்” என்றாள் இன்னொருத்தி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பொன்மணி விடவில்லை. “எங்க வீட்டுல ஆறு உசிரு. பிள்ளைக தலைக்கு ஊத்தி ஒரு வாரமாச்சு. வடிச்ச கஞ்சியிலதான் கையக் கழுவுதோம். இவுக ஒத்த ஆளு. இவுகளுக்கும் ஆறு குடம், எங்களுக்கும் ஆறு குடமா?”

காசிராஜன் நெற்றியைத் தேய்த்தார்.

“முப்பது வீடு இருக்கையில போட்ட போரு. இன்னைக்கு நூத்தி எளுவது வீடு. மழையும் தப்பிப் போச்சு. இந்த ஒரு லாரிக்கு நான் எம்புட்டுப் பேரு கால்ல விழுந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இதுல மண்ணுல கொட்டுறதுக்கு நான் எங்க போக? இனிமே மாடத்திக்கு மூணு குடம். சரியா?”

ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் மாடத்தியைப் பார்த்தார்கள். அவள் பொன்மணியை ஒரு தடவை பார்த்தாள்.

“சரிண்ணே.”

மூன்று குடம் பிடித்துக்கொண்டு, மிச்ச மூன்று வெறுங்குடங்களோடு திரும்பிப் போனவளைப் பார்த்து யாரோ கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பொன்மணி முன்கதவைத் தாழிட்டாள். பின் அறையில் அவள் புருசன் பாண்டிராஜ் அன்றைக்குச் செய்த சரக்கைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனிக்கு சீல் வைத்து ஐந்து மாதம். அன்றிலிருந்து இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்துகிறார்கள். லைசென்ஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

தரையில் விரித்திருந்த சாக்கை அவள் சுருட்டி எடுத்தாள். தினமும் செய்கிற மாதிரி, முடுக்குப் பக்கத்துச் சன்னலைத் திறந்து வெளியே உதறினாள். சாம்பல் நிற மருந்துப் பொடி மண்ணில் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

பொன்மணிக்குச் சுர்ரென்று ஏறியது. “மூணாக் கொறச்சும் புத்தி வரலயா மதினி...” என்று சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாடத்தி முடுக்கு முழுக்க ஊற்றவில்லை. சன்னலுக்கு நேர் கீழே, பொடி விழுந்த இடத்தில் மட்டும், பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இங்கன உதறாத தாயி” என்றாள், குரலைத் தாழ்த்தி. “ஒம்பிள்ளைக இதுலதான சைக்கிள் உருட்டுது. எங்க வீட்டுக்காரரு செருப்புக்காலோட தேச்சு மிதிச்சது இம்புட்டுப் பொடியத்தான்.”

பொன்மணி கீழே ஈர மண்ணைப் பார்த்தாள். “அங்கன... அம்புட்டுப் பேரு முன்னால நான் பேசயில... ஏன் மதினி சொல்லல?”

“சொன்னா போலீசு வரும். ஒம்புருசனப் பிடிச்சுட்டுப் போவான். ஆறு வயித்துக்கு நானா சோறு போட?” மாடத்தி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “எனக்கும் பயந்தான். நடுவுல ஒத்தச் செவருதான இருக்கு.”

அதற்குப் பிறகு பொன்மணி சாக்கை வெளியே உதறவில்லை. ஆனால் முடுக்கு மண்ணில் ஐந்து மாதப் பொடி கிடந்தது. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். மாடத்தி ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

நாலாம் நாள் லாரி வந்தது. மாடத்தி வரிசையில் கடைசியாக நின்றாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

பொன்மணி குடத்தைக் குழாய்க்கு அடியில் வைக்கும்போது காசிராஜன் கேட்டார். “என்ன பொன்மணி, இன்னும் தண்ணியக் கொட்டுதாளா?”

வரிசை முழுக்க அவளைப் பார்த்தது.

கொட்டுகிறாள் என்று சொன்னால் மாடத்திக்கு அந்த மூன்று குடமும் போய்விடும். எதற்குக் கொட்டுகிறாள் என்று சொன்னால் பாண்டிராஜ் போய்விடுவான்.

“இல்லண்ணே. இப்பக் கொட்டல.”

“பாத்தீகளா! கொறச்சாத்தான் தண்ணியோட அருமை தெரியுது” என்று காசிராஜன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “மாடத்திக்கு இனி எப்பவும் மூணே போதும்.”

“சரிண்ணே” என்றாள் மாடத்தி.

பொன்மணி மாடத்தியின் காய்ந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழாய்க்கு அடியில் அவளுடைய ஆறாவது குடம் நிரம்பி, வழிந்து, மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

அதை யாரும் படம் பிடிக்கவில்லை.