சம்பந்தி ஊர் உறங்கும் நேரம்

உலக நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின்படி, கனடாவில் ஒரு சிற்றூர் உறங்கும் நேரத்தில் அதன் இணையம் வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கிராமம் ஒன்றுக்கு வந்துவிடும். அவ்வூரை இங்குள்ளோர் 'சம்பந்தி ஊர்' என்றே மரியாதையுடன் அழைத்தார்கள்.

அன்று காலை பத்து மணிக்குத் தவமணிக்குச் செவிலியர் படிப்பின் இறுதி நேர்முகத் தேர்வு. திரையில்தான் கேள்வி கேட்பார்கள். தொடர்பு அறுந்தால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஒன்பதரை மணிக்கும் திரை விக்கி விக்கி நின்றது. சம்பந்தி ஊரில் பனி ஹாக்கி இறுதியாட்டம். நள்ளிரவாகியும் அங்கே ஒருவரும் படுக்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமா?" என்றார் கணவர் உடையப்பன்.

"சம்பந்தி வீட்டுல போயி, படுத்துத் தூங்குங்கன்னு சொல்லுவாங்களா? நல்லாத்தான் இருக்கு உங்க மரியாதை."

ஆனாலும் மனம் பொறுக்காமல், அவ்வூர்ப் பொறுப்பாளர் அம்மையாருக்கு, மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, உடையப்பன் ஒரு குரல்செய்தி அனுப்பினார்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் திரை தெளிந்தது. ஆட்டம் முடியவில்லை, ஊரார்தாம் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படுக்கப் போயிருந்தார்கள்.

பதினொரு மணிக்குத் தவமணி தேறிவிட்டதாகத் திரையிலேயே அறிவித்தார்கள். உடையப்பன் கைபேசியை எடுத்தார்.

"முதல்ல சம்பந்திக்குச் சொல்லிடுவோம்."

"இப்பதான் கண்ணசந்திருப்பாங்க. அங்க விடியட்டுங்க."

"அப்ப அக்கம்பக்கத்துல?"

"சம்பந்திக்கு முன்னாடியா? கோவிச்சுக்க மாட்டாங்களா?"

கனடாவில் பொழுது விடியும் மாலைவரை இருவரும் அந்த நற்செய்தியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, வந்து வந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.